மூத்தவள் இறங்கிய வழி

நாலு நாளாக நெஸ்டா சிரட்டை தட்டிக்கொண்டிருந்தாள்.

விடிந்தும் விடியாததுமாய் துறைப் பாறையில் போய்க் குந்துவாள். மலையிலிருந்து இறங்கிய மூடுபனி கோலோபா ஆற்றை மூடிக் கிடக்கும். எதிர்க்கரை மரங்கள் இருக்கின்றனவா, யாராவது வெட்டிக்கொண்டு போய்விட்டார்களா என்றுகூடத் தெரியாது. இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைத் தண்ணீருக்கு அடியில் கொண்டுபோய் ஒன்றோடு ஒன்று மோதுவாள். மூன்று தட்டு, ஒரு மூச்சு நேரம் சும்மா, மறுபடி மூன்று. பக்கத்தில் வாழையிலைத் துண்டில் சேப்பங்கிழங்கும் டின் மீனும் பிசைந்து உருட்டிய ஒரு கவளம். மற்ற நாளாக இருந்தால் இரண்டாம் தட்டுக்கே பாறை இடுக்கிலிருந்து கறுப்பாய் ஒரு தலை வெளியே வரும். நெஸ்டா கவளத்தைத் தண்ணீரில் நீட்டி, "கையைக் கடிக்காமத் தின்னு"ம்பாள். அதுவும் கடிக்காமல்தான் தின்னும்.

இந்த நாலு நாளாக அந்தக் கவளத்தை எறும்புதான் தின்றது.

விலாங்கு என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மூத்தவள். அவ்வளவுதான். நெஸ்டாவின் அம்மா வழியில் எத்தனை தலைமுறை உண்டோ அத்தனைக்கும் மூத்தவள். நிலம் பெண் வழியில் இறங்குகிற ஊர் இது. அந்த வழியில் பிறந்தவர்கள் மூத்தவளைத் தொடக்கூடாது, கவளத்தை மட்டும் நீட்டலாம். கல்யாணம் கட்டி வந்தவர்கள் தொடலாம். தின்ன மட்டும் யாருக்கும் உரிமையில்லை. இந்த ஆற்று விலாங்கைத் தின்றவனுக்கு இந்த மண்ணில் அடுப்பு கிடையாது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வீட்டுப் படியில் உட்கார்ந்து சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த எஸ்ரோம், பனிக்குள் தெரிந்த மனைவியின் முதுகைப் பார்த்தான்.

"புள்ள, மேட்டு வீட்டுக்குப் போறவங்க எல்லாரும் போயாச்சு. நம்ம வீடு ஒண்ணுதான் கீழ நிக்குது. வர்ற புதன்கிழமை அணை மதகை அடைச்சிருவான்."

"அடைக்கட்டும்."

"தண்ணி படி ஏறி வரும்."

"வந்தா நல்லதுதானே, மூத்தவ வீட்டுக்குள்ளயே வந்து தின்னுட்டுப் போவா. அவ எங்கன்னு தெரியாம நான் எந்திரிக்க மாட்டேன். எங்கம்மா சாகும்போது என்கிட்ட ஒப்படைச்சது நிலத்தை இல்ல, அவளை."

அணை வேண்டாம் என்று நெஸ்டா ஒரு நாளும் சொன்னதில்லை, பாவம். விளக்கு எரியும், மகள் படிக்கிற தலைநகர் ஹோனியாராவுக்கும் கரண்ட் போகும், நல்லதுதானே என்றுதான் சொன்னாள். மூத்தவளை முதலில் வழியனுப்ப வேண்டும், அது மட்டுந்தான் அவள் கேட்டது.  அதற்குமேல் பேச எஸ்ரோமுக்கு வாய் இல்லை. அந்த வாயில்தான் கோளாறு.

எஸ்ரோம் மக்கிராத் தீவுக்காரன். கடலோரத்தில் பிறந்து, வேலை தேடி வந்து, நெஸ்டாவைக் கட்டி, அவள் மண்ணில் குடியேறி இருபத்தோரு வருஷம் ஆயிற்று. வந்த புதிதில், மாமியார் வீட்டுக்குப் பெரிய உபகாரம் செய்கிறோம் என்று நினைத்துத் துறைப் பாறையில் உட்கார்ந்து தூண்டில் போட்டான். கனமாய் ஒன்று மாட்டியது. இழு இழு என்று இழுத்ததில் தாடை கிழிந்து தப்பியது. கெட்டிக்காரத்தனமாய் ஊர்க் கொட்டகையில் வந்து அதைப் பெருமையாக வேறு சொன்னான். கேட்டவர்கள் வாயில் வெற்றிலைச் சாறு அப்படியே நின்றுவிட்டது. நெஸ்டாவின் அண்ணன் பிரிமோ ஒரே வார்த்தைதான் சொன்னான்: "பன்னி." ஒரு கொழுத்த பன்றி, இரண்டு சரம் சிப்பிக் காசு தண்டம் கட்டினான். மூத்தவளின் இடது தாடையில் அந்தக் கிழிசல் ஆறிப்போய் வடுவாக நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஸ்டா, "ஓங்க மாப்பிள்ளை போட்ட கம்மல்" என்று மூத்தவளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இனி திங்கட்கிழமைக்கு வருவோம். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

எஸ்ரோமுக்கு அணையில் கான்கிரீட் வேலை. ஞாயிற்றுக்கிழமை அடைமழை. திங்கள் காலையில் அணைச் சுவருக்கடியில் இருந்த குழியெல்லாம் குளமாகிவிட்டதென்று பம்பு வைத்து இறைத்தார்கள். மத்தியானம் சாப்பாட்டுக் கொட்டகையில் தேங்காய்ப்பாலில் இஞ்சி தட்டிப் போட்டு, கீரையோடு கொதித்த குழம்பு. "மீன், மீன்" என்று சமையல்காரன் கூவினான். பசி. எஸ்ரோம் வாயில் வைத்தான். முதல் வாயிலேயே மக்கிரா நாக்கு இனம் கண்டுகொண்டது. விலாங்கின் அந்தக் கொழுப்பு வேறெதற்கும் வராது. சின்ன வயசில் அம்மா கையால் தின்றது. இருபத்தோரு வருஷமாக நாக்கு மறக்காமல் வைத்திருந்தது. தெரியாமல் தின்றேன் என்று சொல்ல அவனுக்கு முதல் வாய்க்கு மட்டும்தான் உரிமை உண்டு. மிச்சத்தைத் தெரிந்துதான் தின்றான். இரண்டாம் தடவை தட்டை நீட்டியதும் தெரிந்துதான். ஆற்றில் நூறு கிடக்கிறது, இது எதுவோ ஒன்று என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நெஸ்டா, "இன்னைக்கு மூத்தவ வரல" என்றாள். எஸ்ரோம் கொல்லைப் பக்கம் போய் வாய் கொப்பளித்தான்.

நாலாம் நாளான இன்று அவனால் தாங்க முடியவில்லை. வேலைக்குப் போனதும் நேரே சமையல் கொட்டகைக்குள் நுழைந்தான். சமையல்காரன் பரானிக்கோ பெரிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மேற்குத் தீவுக்காரன், ஊர்ப்பட்ட பேச்சு.

"வாய்யா எஸ்ரோம். திங்கக்கிழமை ருசி இன்னும் நாக்க விட்டுப் போகலியோ?"

"அதோட தலை என்னாச்சு?"

"தலையா? கேக்குறான் பாரு! ரெண்டு தட்டு வழிச்சது பத்தாதுன்னு தலையும் வேணுமாக்கும். தலைய மேஸ்திரியோட நாய் தின்னுருச்சு."

"நீ பாத்தியா தலைய?"

"நான்தானே வெட்டுனேன். ஏ அப்பா, என்னா தடி! என் தொடை கணக்கா இருந்துச்சு. கண்ணு ரெண்டும் இவ்ளோ பெருசு. வயிறு பூரா வெள்ளி. கடலுக்கு இறங்குற பருவம், அதான் மேல இருந்து வந்து குழியில மாட்டிக்கிச்சு. கிழடு. அந்த வயசுல ஒரே ஒரு தடவைதான் இறங்கும், முட்டை போட. அப்புறம் திரும்பாது."

"தாடையில..." எஸ்ரோம் தன் தாடையைத் தடவினான். "தாடையில அடையாளம் ஏதும்?"

"இருந்துச்சே! இடப் பக்கம் பழைய கிழிசல். தூண்டில் இழுத்த கிழிசல். எவனோ கையாலாகாத பய கொக்கியப் போட்டுத் தப்ப விட்டிருக்கான்னு பேசிச் சிரிச்சோம்."

அந்தக் கையாலாகாத பயல் அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு வெளியே போய் வேலையைப் பார்த்தான். சாயங்காலம் வரை தள்ளுவண்டியில் சிமெண்டுக் கலவை தள்ளியது தெரியும், எங்கே கொட்டினான் என்பது தெரியாது. சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் அவள் பாறையை விட்டு எழுந்திருக்க மாட்டாள், தண்ணீர் வரும். இந்த இரண்டுக்கும் நடுவிலேயே அன்றைக்குப் பொழுது போனது.

வீட்டுக்கு வந்தால் பிரிமோ உட்கார்ந்திருக்கிறான். மழை பிடித்துக்கொண்டது. இறவாரத்துக்கு அடியில், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாக்கைச் சுண்ணாம்பில் தொட்டு மென்றுகொண்டிருந்தான். குடும்பத்துக்கு அவன்தான் பேச்சு. கம்பெனிக்காரன் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டதும் அவன்தான். உள்ளே நெஸ்டா கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். வளர்ந்த அண்ணனும் தங்கையும் ஒரு விஷயத்தில் நேருக்கு நேர் வாதாடுவது இங்கே வழக்கமில்லை. நடுவில் மூன்றாவது வாய் ஒன்று வேண்டும். இருபத்தோரு வருஷமாக அந்த வாய் எஸ்ரோமுடையது.

"மச்சான், வீட்டுல சொல்லு. புதன்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம், நாளைக்கே சாமான ஏத்தணும்."

நெஸ்டா எட்டடி தூரத்தில்தான் இருந்தாள். எஸ்ரோம் உள்ளே திரும்பி, "நாளைக்கே ஏத்தணுமாம்" என்றான்.

"ஏத்தட்டும். பானைய ஏத்தட்டும், பாய ஏத்தட்டும். நான் கடைசியா வரேன்னு சொல்லுங்க."

"கடைசியா வருவாளாம்."

"ஒரு விலா... ஒரு மூத்தவளுக்காக ஊரே சிரிக்குதுன்னு சொல்லு."

"ஊரு சிரிக்குதாம்."

"சிரிக்கிற ஊருக்குப் பல்லு நல்லா இருக்கான்னு கேளுங்க. அவ போனத கண்ணால பாத்தவங்க ஒருத்தர் வந்து சொல்லட்டும். இந்த நிமிசமே எந்திரிக்கிறேன்."

எஸ்ரோம் அதைச் சொல்லவில்லை.  பிரிமோவுக்கு எல்லாம் காதில் விழுந்ததுதான். ஆனாலும் மூன்றாவது வாய் சொல்லாமல் பதில் பேசக்கூடாதே, காத்திருந்தான்.

"என்ன மச்சான், சொல்லு. வாயில என்ன வச்சிருக்க?"

"வாயிலதான் மச்சான்," என்றான் எஸ்ரோம். "என் வாயிலதான் போனா. திங்கக்கிழமை குழம்புல. குழியில மாட்டுனவள அடிச்சிட்டாங்க. நான் தின்னேன். முதல் வாயி தெரியாது. அப்புறம் தெரியும். தாடையில கிழிசல் இருந்துச்சாம். இன்னைக்குத்தான் கேட்டேன்."

உள்ளே கிழங்கு சீவுகிற சத்தம் நின்றது.

பிரிமோ மெதுவாக எழுந்தான். இறவாரத்தில் செருகியிருந்த வெட்டுக்கத்தியை உருவினான்.  "மூட்டைய எடு," என்றான். "இந்த மழையிலயே இறங்கு. தூண்டில் போட்ட அன்னைக்கே ஒன்னைத் துரத்தியிருக்கணும். பன்னியோட விட்டது என் தப்பு."

நெஸ்டா வாசலுக்கு வந்தாள். எஸ்ரோமைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வயிறு என்ன நிறம்னு சொன்னாங்க?"

"வெள்ளியாம்."

"அப்ப கிளம்பிட்டா." அவள் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழமை மழையிலயே கிளம்பிட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாளே! நான் பைத்தியக்காரி, போனவளுக்குக் கிழங்கு பிசைஞ்சுக்கிட்டு இருந்திருக்கேனே!" என்று வாய்விட்டு அழுதாள். தன் அம்மா செத்தபோதுகூட அவள் அப்படி அழுது எஸ்ரோம் பார்த்ததில்லை. பக்கத்தில் போகவும் பயம், நிற்கவும் முடியவில்லை. பிரிமோ வெட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

பிரிமோ ஒரு அடி வைத்தான்.

"அண்ணே, கத்தியக் கீழ வை."

மூன்றாவது வாய் இல்லாமல் வந்த பேச்சு. பிரிமோ அடி வாங்கினவன்போலத் திரும்பினான். "நேராப் பேசாத, நெஸ்டா. முறையில்ல."

"நேராத்தான் பேசுறேன். எங்கம்மா நிலத்துக்குக் கையெழுத்துப் போடப் போனியே, அப்ப யாரை நடுவுல வச்சு என்னைக் கேட்ட? எந்த வாய் வந்து என்கிட்டச் சொல்லுச்சு? இந்த ஆளு தின்னேன்னு என் காது கேக்கச் சொல்லிட்டாரு. நீ இன்னும் சொல்லல."

 கத்தி பிரிமோவின் காலடியில் சேற்றில் கிடந்தது. அவன் எப்போது கீழே போட்டான் என்று அவனுக்கே தெரியாது.

நெஸ்டா இடுப்புத் துணியின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். "கடலுக்குன்னு புறப்பட்டவ பாதி வழியில இந்த ஆளு வயித்துல நிக்கிறா. நிக்க விட முடியாது. நாளைக்கு விடியறப்ப நடக்கணும். ஆத்தோரமா, கடல் வரைக்கும். அண்ணே, நீ சாமான மேட்டுக்கு ஏத்து. நான் இவரக் கூட்டிக்கிட்டுப் போய் அவள விட்டுட்டு வரேன்."

"நான்...?" என்றான் எஸ்ரோம். "நான் திரும்பி வரலாமா, புள்ள?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. "கடலுக்குப் போனவ யாரும் திரும்பி வந்ததில்ல," என்றாள். "இனிமே எதுவும் தின்னாதீங்க. கடலுக்குப் போறவ வழியில தின்ன மாட்டா."

விடிந்தது. பிரிமோ இரண்டு ஆட்களோடு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பாயையும் பானையையும் தூக்கினான். எஸ்ரோம் தன் நீலச் சட்டையைத் தேடினான். கொடியில் இல்லை. பிரிமோ தூக்கிய மூட்டையிலும் இல்லை. நெஸ்டா மூடி போட்ட கூடை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். கேட்கத் தைரியம் வரவில்லை.

பனியில் ஆறு தெரியவில்லை, சத்தம் மட்டும் கூடவே வந்தது. முன்னால் போகிறவளின் முதுகு ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் கரையும். வெறும் வயிறு. நடக்க நடக்க, தான் நடக்கவில்லை, எதுவோ தன்னை உள்ளேயிருந்து சரிவில் இறக்கிக்கொண்டு போகிறது என்று எஸ்ரோமுக்குத் தோன்றியது. பாறைக்குப் பாறை கால் தானாக வழி கண்டுபிடித்தது. இத்தனை வருஷம் நடந்த கரை, இப்படி அவனை ஒருநாளும் கூட்டிப்போனதில்லை.

அணைக்கு வந்தார்கள். மலைக்கு மலை நின்ற வெள்ளைச் சுவரின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது. அதில் எந்த இடம் தன் கை கலந்த கலவை என்று எஸ்ரோமுக்குத் தெரியும். நெஸ்டா நின்று, சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"குளுகுளுன்னு இருக்கு," என்றாள். "இது வழியா ஏறி வர, அவ குட்டிகளுக்கு எங்கயாச்சும் ஓட்டை வச்சிருக்கீங்களா?"

"பக்கத்துல படிப்படியா ஒரு வாய்க்கா போட்டிருக்கு. ஏறிரும்னு சொல்றாங்க."

"ஏறுனா நல்லதுதான்."

சமையல் கொட்டகையிலிருந்து பரானிக்கோ எட்டிப் பார்த்தான். "எஸ்ரோம்! லீவா? வா, ஒரு டீயாச்சும் குடிச்சிட்டுப் போ!"

"அவரு குடிக்க மாட்டாரு," என்றாள் நெஸ்டா. "உள்ள ஆளு இருக்கு."

பரானிக்கோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரண்டியோடு நின்றான்.

மலை முடிந்து சமவெளி வந்தது. வரிசை வரிசையாய்ச் செம்பனை, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. அதற்குள் ஆறு அகலமாகி, பேச்சை நிறுத்தி, தூங்குவதுபோல் போனது. வெயில் ஏறியது. எஸ்ரோமுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாலத்தடியில் கிழங்கு விற்ற பெண்கள், "என்ன நெஸ்டா, புருசன ஓட்டிக்கிட்டு எங்க போற?" என்றார்கள். "கடல்ல விட," என்றாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒரு இடத்தில் அவன் தடுமாறியபோது முழங்கையைப் பிடித்தாள், நேரே நின்றதும் விட்டுவிட்டாள். மூத்தவளை அவள் தொடக்கூடாதே, அதனால்தான் விட்டாளோ என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பொழுது சாயக் கடல். முகத்துவாரத்தில் முதலை உண்டு, அதனால் ஒரு கூப்பிடு தூரம் தள்ளிக் கூட்டிப்போனாள். அலையில்லை. கடலும் வானமும் ஒரே பழுப்பாய் இருந்தன.

"இறங்குங்க."

இறங்கினான். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. உப்புத் தண்ணீர் தாடையைத் தொட்டபோது நின்றான். கிழக்கே, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் மக்கிரா. சாவதற்கு முன்னால் ஒரு தடவை வா என்று சொல்ல அங்கே இப்போது யாரும் இல்லை. அவன் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டான். "ஆத்தா," என்றான், "ரெண்டு தடவை ஒனக்குக் கெடுதல் பண்ணிட்டேன். ஒண்ணு தெரியாம, ஒண்ணு தெரிஞ்சு. வந்துட்டோம். போ." வயிறு ஒரு புரள் புரண்டது. பசியாக இருக்கும். இல்லாமலும் இருக்கும். பிறகு உடம்பு வெறுமையாகிவிட்டது. கால் மணலில் சரியாகப் பாவவில்லை.

அடுத்து என்ன செய்வதென்று அவள் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கலாமா என்றுகூடத் தெரியவில்லை. கரையில் யாரும் இல்லாமல் இருந்தால்? அதனால் பார்க்காமலே நின்றான். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாய் உள்ளே போய்விடலாம், கடினமில்லை என்று தோன்றியது.

அப்போது கால்களில் ஒரு சத்தம் தட்டியது. காதில் இல்லை, தண்ணீருக்கு அடியில், முழங்காலில், விலாவில். டொக், டொக், டொக். ஒரு மூச்சு நேரம் சும்மா. மறுபடி மூன்று.

எஸ்ரோம் திரும்பினான். கரையோரம் முழங்கால் தண்ணீரில் நெஸ்டா குந்தியிருந்தாள். பக்கத்து மணலில் கூடை திறந்து கிடந்தது. அதன் மூடிமேல் அவனுடைய நீலச் சட்டை மடித்து வைத்திருந்தது. அவள் சிரட்டைகளை நிறுத்தவில்லை. அவன் பக்கத்தில் வந்து சேரும்வரை தட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு இலையைப் பிரித்து, கிழங்கும் டின் மீனும் பிசைந்த கவளத்தைத் தண்ணீர் மட்டத்தில் நீட்டினாள்.

"கையைக் கடிக்காமத் தின்னுங்க," என்றாள்.